இடது ஓரத்து மஞ்சள் சீட்டு

ஹில்லா தன் வீட்டுப்பாடத்தைப் பலகையில் ஒட்டியதும் வகுப்பு கப்சிப் என்று ஆகிவிட்டது.

கம்பளிக் காலுறையோடு தரையில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்த பாவோகூட அப்படியே நின்றுவிட்டான்.

பத்து நாளாக ஊரில் எல்லார் போனிலும் சுற்றுகிற படம் அது. பனித்திடலின் ஓரத்தில் ரெய்யோ மண்டியிட்டிருக்கிறார். எதிரே பெஞ்சில் ஒரு சின்னப் பெண். அவளுடைய கால் அவர் மடிமேல்; அதைப் பிடித்தபடி அவர் கை. கீழே ஒரே வரி: ‘உங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.’

ரெய்யோ பள்ளிக்கூடத்தைப் பராமரிக்கிறவர். பதினெட்டுக் குளிர்காலமாக விடியுமுன்னே குழாயோடு வந்து, திடலில் தண்ணீர் பாய்ச்சி உறைய வைக்கிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார். பிள்ளைகள் அவரைக் கிண்டலடிக்காத நாள் கிடையாது, அவரைத் தேடாத நாளும் கிடையாது.

படம் பரவிய மறுநாளே அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். இன்று மூன்று மணிக்குப் பெற்றோர் கூட்டம். அவர் இனிமேல் பள்ளிக்குள் வரலாமா கூடாதா என்று அங்கேதான் முடிவாகும்.

சனிக்கிழமை எடுத்த படம். அன்றைக்குத் திடல் பக்கம் யாராவது போனீர்களா என்று தலைமையாசிரியர் ஆசிரியர் அறையில் இரண்டு முறை கேட்டார். எல்லாரும் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். தற்காலிக ஆசிரியை கிர்சியும்தான். அவள் வேலை மே மாதம்வரைக்கும்தான். அடுத்த ஆண்டு வேண்டுமா வேண்டாமா என்பது மற்றவர்கள் சொல்ல வேண்டியது. அப்படிப்பட்டவள் ஊர்ச் சண்டையில் எதற்குத் தலையைக் கொடுப்பாள்?

நான்காம் வகுப்புக்கு அவள் கொடுத்த வேலை எப்போதும் கொடுப்பதுதான். வீட்டுக்கு வந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். யார் எடுத்தது? எதற்காக அனுப்பினார்கள்? எதை வெட்டிவிட்டார்கள்? கடைசியில் அந்தப் பெரியவர் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒருத்தி படகைவிடப் பெரிய மீனைக் கொண்டுவந்திருந்தாள். பாவோ விளம்பரத்து ரொட்டியையும் தட்டில் வந்த ரொட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். ரெய்யோவின் படத்தைத் தொட யாருக்கும் துணிச்சலில்லை. யாரும் தொட்டுவிடக் கூடாதே என்றுதான் கிர்சியும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஹில்லா பக்கத்தில் இன்னொன்றை ஒட்டினாள். அதே படம், முழுதாக.

வலது பக்கம் ஏழு பொடிசுகள் வரிசையில் நிற்கிறார்கள். எல்லார் கையிலும் சறுக்குக் காலணி. நாடா கட்டத் தெரியாத முதல் வகுப்புப் பிள்ளைகள். ரெய்யோ ஒவ்வொருவருக்காகக் கட்டிவிட்டுக்கொண்டிருக்கிறார். விஷயம் அவ்வளவுதான்.

கிர்சியே மூன்று நாள் இணையமெல்லாம் தேடியும் கிடைக்காத படம் இது. எங்கே பிடித்தாய் என்று கேட்டாள்.

“மொதல்ல அனுப்புனது யாருன்னு தேடிப் போங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, கிர்சி. போனேன். எங்கம்மா போன்லதான் இருந்துச்சு.”

இன்றைய கூட்டத்தைக் கூட்டியதே ஹில்லாவின் அம்மாதான்.

பிள்ளையின் கண்கள் வீங்கியிருந்தன. தாளில் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருந்தாள். யார் எடுத்தது: என் அம்மா. எதற்காக: பயந்துபோய்; ஒரு தோழிக்கு மட்டும்தான் அனுப்பினார்; அந்தக் கை பெரிதாகத் தெரியட்டும் என்று வெட்டினார். அடியில் அம்மாவின் கையெழுத்து. பேனா தாளைக் கிழித்துவிடும் அளவுக்கு அழுத்திப் போட்டிருந்தார்.

அந்தக் கையெழுத்தைப் பார்க்கவே கிர்சிக்கு வெட்கமாக இருந்தது.

முழுப்படத்தின் இடது ஓரத்தில் மட்டும் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

“அதுக்குக் கீழ என்ன இருக்கு?” என்று பாவோ கேட்டான்.

“ஒண்ணுமில்ல,” என்றாள் ஹில்லா. பாவோவுக்குச் சொன்ன பதில்தான், ஆனால் பார்த்தது கிர்சியை.

மூன்றாவது கேள்விக்கும் அப்படித்தான் எழுதியிருந்தாள். வலது பக்கம்: ஏழு பிள்ளைகள். இடது பக்கம்: ஒன்றுமில்லை.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால்.

கிர்சி பலகையருகே போனாள். சீட்டின் ஒரு முனை சட்டென்று எழும்பியது, மறுமுனை வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

பெஞ்சிலிருந்து இரண்டடி தள்ளி, கையில் காப்பிக் குடுவையோடு ஒரு பெண். பச்சைக் கம்பளித் தொப்பி. ரெய்யோ அபூர்வமாக ஏதோ சொல்லியிருக்கிறார். அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி, கதவோரம் ஆணியில் பனி சொட்டிக்கொண்டிருந்த கிர்சியின் தொப்பியைப் பார்த்தார்கள்.