நாலு இருபதுக்கு ஒரு அவசரம்

நாலு மணிக்குச் சந்திப்பு. நாலு இருபதுக்கு அம்மா மாடிப்படியில் வழுக்கி விழ வேண்டும். எல்லாம் பேசி வைத்தாகிவிட்டது.

“நான் போன் பண்றப்ப, ஆள் மொக்கைன்னா ‘அய்யோ அம்மா’ன்னு அலறு. பரவாயில்லைன்னா ‘அப்புறம் பேசறேன்’னு வச்சிடு. நான் புரிஞ்சுக்கறேன்” என்றாள் நர்ஸ். பல் டாக்டர் கிளினிக்கில் அவள் உள்ளே, இவள் வாசலில் டோக்கன் கொடுக்கும் மேஜையில். ஏழு வருஷச் சிநேகிதம்.

துணை தேடும் அந்த இணையதளத்தில் இவள் சேர்ந்து எட்டு மாதம். வயது முப்பத்தாறு. அதில் வரும் ஆண்களை இரண்டு பேரும் சேர்ந்து ரகம் பிரித்து வைத்திருந்தார்கள். ஜிம் கண்ணாடி முன்னால் சட்டையில்லாமல் நிற்பவர் ‘கசாப்புக்கடை’. யாருடைய காரிலோ சாய்ந்துகொண்டு சிரிப்பவர் ‘ஓசி ஓனர்’. ‘ஹாய், சாப்டாச்சா’வைத் தாண்டாதவர் ‘கிளிப்பிள்ளை’. முதல் சந்திப்பிலேயே முன்னாள் மனைவியைப் பற்றி ஒரு மணி நேரம் அழுது தீர்த்தவர் ‘மெகா சீரியல்’.

இன்றைக்குக் காபிக்கடைக்கு வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். தளத்தில் போட்டிருந்ததே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. நேரிலும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார், விறைப்பாக.

“இந்தக் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா?”

“இல்லை.”

“காபி எப்படி இருக்கு?”

“சூடா இருக்கு.”

ரொம்ப நேரம் கழித்து அவராகவே வாயைத் திறந்தார். “லிஃப்ட் அறுந்து விழுந்துடும்னு எல்லாரும் பயப்படறாங்க. அதெல்லாம் அவ்வளவு சுலபமா விழாதுங்க.”

பிறகு பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று ஆறு நிமிஷம்.

அவள் மனசுக்குள் ‘இயந்திரம்’ என்று பெயர் வைத்து முடித்தபோது போன் அடித்தது.

“என்னது? அம்மாவா? அய்யோ அம்மா! மாடிப்படியிலயா?”

நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நடிப்பு நன்றாகவே வந்தது. வராமல் என்ன? இந்த எட்டு மாதத்தில் அம்மா ஏற்கெனவே மூன்று தடவை விழுந்திருக்கிறாள்.

வழக்கமாக எதிரில் இருப்பவர்கள், “ஓ, அப்படியா? போயிட்டு மெசேஜ் பண்ணுங்க” என்பார்கள். ஒருத்தர், இவள் எழுந்திருப்பதற்குள் இவளுடைய பாதி கேக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மெக்கானிக் எழுந்த வேகத்தில் நாற்காலி கீழே சாய்ந்தது.

“வாங்க. வேன் வாசல்லயே நிக்குது.”

“இல்லங்க, நான் டாக்சி பிடிச்சு...”

“டாக்சி வர்றதுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம். எந்த ஆஸ்பத்திரி?”

“அந்த... பெரிய ஆஸ்பத்திரி.”

ஸ்பானர் பையையும் வயர் சுருளையும் பின்னால் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தார். வேன் முழுக்க கிரீஸ் வாசனை. காபிக்கடையில் ஊமையாக இருந்த மனுஷன் இப்போது நிறுத்தவே இல்லை.

“தலையில அடியா, இடுப்புலயா? மயக்கம் போட்டாங்களான்னு கேட்டீங்களா? அவங்க என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு எழுதி வச்சுக்குங்க. டாக்டர் முதல்ல அதைத்தான் கேப்பார்.” பேனாவும் காகிதமும் அவள் மடிக்கு வந்தன.

அவள் பிரஷர் மாத்திரையின் பெயரை எழுதினாள். வேறு என்ன செய்வது? அதைச் சாப்பிடுகிறவள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருப்பாள்.

சிக்னலில் வேன் நின்றது. அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

“எங்கம்மா பாத்ரூம்ல விழுந்தப்ப நான் ஒரு வேலையில இருந்தேன். தங்கச்சிதான் கூட இருக்காளே, முடிச்சிட்டுப் போலாம்னு இருந்துட்டேன். முக்கால் மணி நேரம். நான் போய்ச் சேர்றப்ப அவங்களுக்குப் பேச்சு நின்னு போச்சு.” கியரை மாற்றினார். “நீங்க பயப்படாதீங்க. உங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல.”

அவள் மாத்திரை எழுதிய காகிதத்தை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசல். “நீங்க ஓடுங்க. நான் வண்டியை ஓரங்கட்டிட்டு வரேன்.”

அவள் இறங்கவில்லை.

“எங்கம்மா விழலைங்க.”

எஞ்சினை அணைத்தார்.

“போன் பண்ணது என் ஃப்ரெண்டு. பிடிக்காத ஆளா இருந்தா தப்பிச்சு வர்றதுக்கு நாங்க பண்ணி வச்சிருக்கற ஏற்பாடு. உங்கம்மாவைப் பத்திக் கேட்டப்புறமும் வாயை மூடிட்டு இருந்தா நான் மனுஷியே இல்லை. மன்னிச்சிடுங்க.”

திட்டுவார் என்று காத்திருந்தாள். அவருடைய காது மடல் மட்டும் சிவந்தது.

“அம்மா நல்லா இருக்காங்கல்ல?”

“ம்.”

“அது போதுங்க.”

நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. தலை நிமிரவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வேனில் செருகியிருந்த போன் அடிக்க, பதறிப்போய்த் தப்பான பொத்தானை அழுத்திவிட்டார். ஸ்பீக்கரில் கூட வேலை செய்பவரின் குரல் வேனையே நிறைத்தது.

“சாரிப்பா, மறந்தே போயிட்டேன்! நாலேகாலுக்கே கூப்பிடச் சொன்னியே. லிஃப்டுல ஆள் மாட்டிக்கிட்டாங்க, உடனே கிளம்பி வான்னு இப்பக் கத்தட்டுமா? இல்ல, பொண்ணு பரவாயில்லையா?”

அவள் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். அவருக்கு ஒளிந்துகொள்ள வேனில் இடமில்லை. வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு அடங்காமல் அவள் குலுங்குவதைப் பார்த்தார். பிறகு போன் பக்கம் குனிந்தார்.

“ஆள் மாட்டிக்கிட்டது நிஜம்தான்பா. ஆனா காப்பாத்த யாரும் வர வேண்டாம்.”