மஞ்சள் தாள் நீலமானது

காலையில் எழுந்தபோது கார்குழலியின் பாவாடை நனைந்திருந்தது. அவளுக்கு எட்டாம் மாதம்.

கருவடிக்குப்பத்திலிருந்து ஆஸ்பத்திரி வரும்வரை ஆட்டோவில் அவளுடைய அம்மா அஞ்சலாட்சியின் வாய் ஓயவில்லை. பனிக்குடம் உடைந்திருந்தால் குழந்தையை இப்போதே எடுத்துவிடுவார்கள், பூனைக்குட்டி அளவுதானே இருக்கும் என்று ஒரே புலம்பல்.

நர்ஸ் ஜாஸ்லின் முறைப்படி விசாரித்தாள். எப்போதிலிருந்து ஈரம்? தண்ணீர் போலவா, கொழகொழப்பா? என்ன நிறம்? வாடை உண்டா? குழந்தை அசைகிறதா?

எல்லாவற்றுக்கும் அஞ்சலாட்சியே பதில் சொன்னாள்.

"ஏம்மா, மாசமா இருக்கிறது நீங்களா, உங்க பொண்ணா?"

அதன் பிறகுதான் அவள் வாயை மூடினாள்.

குழந்தையின் இதயத் துடிப்பு சீராக இருந்தது. கார்குழலியைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்து, உள்ளே பார்த்தபடியே இருமச் சொன்னாள் ஜாஸ்லின். இருமினாள். எதுவும் வழியவில்லை. நல்லதுதான்.

அடுத்து, மஞ்சள் நிறத் தாள் ஒன்றை அந்த ஈரத்தில் ஒற்றி எடுத்தாள். பனிக்குட நீர் பட்டால் அது நீலமாகும் என்றாள்.

நீலமானது.

திரையை விலக்கி எட்டிப் பார்த்த அஞ்சலாட்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். கார்குழலி அழ ஆரம்பித்தாள்.

ஜாஸ்லின் அஞ்சலாட்சியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ராத்திரி வீட்டுக்காரரோட ஒண்ணா இருந்தீங்களா? அப்படி இருந்தாலும் இந்தத் தாள் நீலமாகும்."

கார்குழலியின் அழுகை சட்டென்று நின்றது.

வளைகாப்பு முடித்துப் பெண்ணை அழைத்து வந்த பிறகு, பிரசவம் வரைக்கும் மாப்பிள்ளை ராத்தங்கக் கூடாது என்பது அஞ்சலாட்சி போட்ட சட்டம். வெற்றிச்செல்வன் ஞாயிற்றுக்கிழமை பகலில் மூலக்குளத்திலிருந்து வருவான், ஹாலில் உட்கார்ந்து காபி குடிப்பான், போய்விடுவான்.

கார்குழலி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடும் சிஸ்டர்."

ஜாஸ்லின் சிரிப்பை அடக்கிக்கொண்டு டாக்டரிடம் போய்ச் சொன்னாள். டாக்டர் ஸ்கேன் செய்து பார்த்தார். குழந்தையைச் சுற்றித் தண்ணீர் நிறைய இருந்தது. கார்குழலியை நெடுநேரம் நடக்கவிட்ட பிறகும், புதிதாக வைத்த பேடு நனையவில்லை.

வெளியே அஞ்சலாட்சி வேளாங்கண்ணி மாதாவுக்கும் மாரியம்மனுக்கும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"பனிக்குடம் உடையலம்மா. உங்க பேரப்புள்ள மாசம் முடிஞ்சு நிதானமா வரும்."

"பின்ன எப்பிடி சிஸ்டர் நீலமாச்சு?"

"சோப்பு பட்டாகூட அப்படி ஆகும்மா."

அஞ்சலாட்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ஜாஸ்லினின் காதருகே வந்தாள்.

"அந்தச் சோப்பு சாயங்காலம் இங்க வரும். நீங்களே சொல்லிடுங்க சிஸ்டர், இனிமே சன்ஷேட புடிச்சி மாடி ஏற வேணாம்னு. கை கால் ஒடிஞ்சா புள்ளைய யாரு தூக்குறது? வாசக் கதவ தெறந்தே வெக்கிறேன்."