தடி டயர்

"இன்னும் வேகமா விடுலே, நூரு!"

பின் சீட்டிலிருந்து பாக்கியசீலன் கத்தினார். கண்கள் சிவந்திருந்தன. பாளையங்கோட்டையில் கிளம்பியதிலிருந்து சாலையின் கோடியையே வெறித்துக்கொண்டு வந்தார்.

"விடுதேன் ஐயா" என்றார் டிரைவர் நூர்முகம்மது. வண்டி என்னவோ இழுத்து இழுத்துத்தான் போனது.

"அவ தோணி ஏறதுக்குள்ள நான் புன்னக்காயல்ல நிக்கணும். இல்லன்னா என் குடும்பமே நாசம்."

அவள் என்றது அவருடைய மகள் கெசியாவை. வீட்டுக்குத் தெரியாமல் புன்னக்காயல் தோணிக்காரர் மகனைக் கட்டிக்கொண்டவள், இன்று மத்தியானம் அவனோடு கொழும்புக்குப் போகிறாள். சேதி நேற்றுச் சாயங்காலம்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில், "அவள உயிரோட விடமாட்டேன்!" என்ற அலறல் மோட்டார்க் கொட்டகை வரை கேட்டது. விடிந்ததும் வண்டி வேண்டும் என்று ஐயா சொல்லியனுப்பினார்.

நூர்முகம்மதுவை 'அண்ணாச்சி' என்று வாய் நிறையக் கூப்பிடும் பிள்ளை அது. போகமாட்டேன் என்றால் ஐயா வேறு ஆளை வைத்துப் போவார். வண்டிதான் போகக் கூடாது.

தேரி மணலில் புதையாமல் இருக்க ஐயா ஒருமுறை இரண்டு தடி டயர் வாங்கியிருந்தார். அவற்றை மாட்டினால் வண்டி கனத்துப்போய்ப் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது. கழற்றிக் குதிரை லாயத்தில் போட்டுவிட்டார்கள். மகன் சத்தியநேசனின் குதிரை இல்லாமல் லாயம் வெறிச்சோடிக் கிடந்த அந்த விடியலில், நூர்முகம்மது அவற்றை உருட்டிக்கொண்டு வந்து பின்சக்கரங்களில் மாட்டினார். காற்றையும் குறைவாகவே அடித்தார். மெல்லிய டயர் என்றால் இருக்கிற பெட்ரோல் புன்னக்காயல் வரை காணும். இதற்குப் பாதி வழிகூடத் தாண்டாது.

பிறகு ஐயாவைக் கூப்பிடக் கூடத்துக்குள் போனார். சுவரில் தொங்கும் வேட்டைத் துப்பாக்கியைக் காணோம். செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

ஸ்ரீவைகுண்டம் தாண்டிப் பனங்காட்டுக்குள் வண்டி இருமிற்று. குலுங்கிற்று. நின்றேவிட்டது.

"என்னலே?"

"பெட்ரோல் தீந்துட்டு ஐயா."

பாக்கியசீலன் குதித்து இறங்கினார். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. பனையோலைகள் மட்டும் உரசிக்கொண்டிருந்தன. அவர் பார்வை பின்சக்கரத்தில் விழுந்தது.

"இந்தச் சனியன எதுக்குலே மாட்டுன? பெட்ரோலக் குடிக்கும்னு தெரியும்லா?"

"தெரிஞ்சுதான் மாட்டுனேன்."

பாக்கியசீலன் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தார். "யாருலே சொல்லிச் செஞ்ச?"

"யாரும் சொல்லல. என்னையச் சுட்டாலும் சரி, அந்தப் பிள்ளையச் சுட உங்களக் கொண்டுபோய் விடமாட்டேன்."

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. பாக்கியசீலன் புழுதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். 

"துப்பாக்கிய எடுத்துட்டுப் போனது அவ அண்ணம்லே... அவன மறிக்கத்தாம்லே வந்தேன்!"