வாசல் இல்லாத அறை

"நீளமா ஒரு வீடு. அது சுவரோட ஒட்டிக்கிட்டு ஒரு குட்டி அறை. வாசல் கிடையாது, ஜன்னல் கிடையாது. உள்ளே தண்ணி மட்டும் ஊறிக்கிட்டே இருக்கு. அது என்ன, சொல்லு பாப்பா?"

ஃபர்ஹீனின் வயிற்றில் ஸ்கேன் கருவியை நகர்த்தியபடி கேட்டார் குழந்தைகள் டாக்டர் ஜெபஷீலா.

"பன்னீர் திராட்சையா?" என்றாள் ஆறு வயது ஃபர்ஹீன்.

"கிட்டத்தட்ட!"

இருட்டறைத் திரையில் சாம்பல் மேகங்கள் மெதுவாக ஊர்ந்தன. நடுவே ஒரு கறுப்பு வட்டம். அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. அதையும் சுற்றி ஒரு கறுப்புக் கோடு.

"நிலாவா?"

"இல்ல. அந்த நீள வீடு உன் குடல். அதோட ஒட்டியிருக்கிற குட்டி அறைதான் இது, பை மாதிரி இன்னொரு குட்டிக் குடல். பிறக்கும்போதே வந்தது. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா வலிக்காது."

தாய் மெகருன்னிசா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப இவ நடிக்கலியா டாக்டரம்மா? பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறான்னு நேத்துக்கூட அடிச்சேனே!"

"இத்தனை நாளா எங்கே காட்டினீங்க?"

"நேத்து எங்க தேவாரம் ஊர்ல, தொக்கம் எடுக்குற சுப்புத்தாய்கிட்ட..."

டாக்டரின் குரல் உயர்ந்தது.

"வயித்துல சோறு சிக்கியிருக்குன்னு சொல்லி, வாயால உறிஞ்சி எடுத்துக் காட்டுவாங்களே, அதுவா? வயித்தை அமுக்கிப் பிசைஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒரு நல்ல டாக்டர்கிட்ட முதல்லயே காட்டத் தோணலியா?"

"அவுக எடுக்கல டாக்டரம்மா. கை வச்சுப் பார்த்தாக. 'ஆத்தா, இது தொக்கமில்ல. உள்ளுக்குள்ள உருண்டையா வழுக்குது. புள்ள பொய் சொல்லல'ன்னாக. காலையில அவுகளே பஸ் ஏத்தி இங்கன கூட்டியாந்தாக. வெளியதான் நிக்கிறாக."

"அதுக்கு முன்னாடி?"

மெகருன்னிசா தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள்.

ஜூன் மாதச் சீட்டு. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து எழுதியிருந்தது. அடியில், 'வலி உண்மையில்லை. பள்ளிக்குப் போகப் பயம்' என்ற குறிப்பு. அதற்கும் கீழே ஜெபஷீலாவின் கையெழுத்து.

டாக்டர் அந்தச் சீட்டை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு ஃபர்ஹீன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரத்தம் எடுக்க ஒரு ஊசி குத்தணும், பாப்பா. கையைப் பிடிச்சுக்க யார் வேணும்? அம்மாவா, நானா?"

ஃபர்ஹீன் இருவரையும் பார்த்தாள்.

வெளியே நிற்கும் சுப்புத்தாயைக் கூப்பிடச் சொன்னாள்.