முதல் பக்கத்துப் படம்

"இதுதான் அந்தப் பூட்டு" என்று துருப்பிடித்த இரும்பை மேசைமேல் டொக்கென்று வைத்தாள் அக்காக்காரி.

பேராசிரியருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வெளிநாட்டில் குடியேறி உலகப் புகழ் பெற்ற அந்த எழுத்தாளரின் வாழ்க்கை வரலாற்றை எழுத, நாலு வருஷமாக நாயாய் அலைந்திருந்தார். அந்த அம்மாளின் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்தப் பூட்டு வரும். ஸ்காலர்ஷிப்பில் படிக்கக் கிளம்பிய தங்கையைப் பொறாமையில் இருட்டறைக்குள் தள்ளிப் பூட்டிய அக்காவும் வருவாள்.

அந்த அக்காவை அவள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்து, ஊர் சிரிக்க அச்சில் ஏற்ற வேண்டும். பேராசிரியர் வந்ததே அதற்குத்தான். அத்தியாயத்துக்கு 'வில்லி' என்று தலைப்புக்கூட வைத்தாகிவிட்டது.

ஆளும் அதற்குத் தோதாகத்தான் இருந்தாள். எழுத்தாளரின் அதே மூக்கு, அதே தாடை. ஆனால் இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்த தழும்பாம். சிரிப்பு என்பது முகத்தில் மருந்துக்கும் இல்லை.

"நாலு வருஷமா லெட்டர் போட்டேன், பதிலே இல்ல. இப்ப மட்டும் எதுக்கும்மா வரச் சொன்னீங்க?"

"எங்கம்மா இருக்கற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன். போன மாசம் அம்மா போய்ச் சேந்துட்டாங்க. இனிமே எனக்கென்ன? கேளுங்க தம்பி."

"பூட்டி வெச்சது நிஜம்தானா?"

"நிஜம்தான். முழுசா மூணு நாள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்னு பெரியவங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில இருந்தாங்க. பச்சத் தண்ணி கிடையாது."

பேராசிரியரின் பேனா ஒரு கணம் தடுமாறியது. அழுவாள், மழுப்புவாள், சண்டைக்கு வருவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தார். இப்படித் தட்டில் வைத்து நீட்டுவாள் என்று எதிர்பார்க்கவில்லை.

அவள் எழுந்து போய்ச் சமையலறைக்குப் பின்னாலிருந்த அறையைத் திறந்து காட்டினாள். ஜன்னல் கிடையாது. காலி டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவே குனிந்து, சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்த கீறல்களைத் தடவினாள்.

"நகத்தால கீறினது. கத்தினாலும் வெளில கேக்காது. பக்கத்துல மரம் அறுக்கற மில்லு ஓடிட்டே இருக்கும்."

அவர் கீறல்களைக் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டார். "உங்களுக்கும் தங்கச்சிதானேம்மா? கொஞ்சம்கூட மனசு இளகலையா?"

"இளகலையே. கல்லு மனசு."

"இதையெல்லாம் அப்படியே போட்டுருவேன். அப்புறம் மானம் போச்சுன்னு கோர்ட்டுக்குப் போகக் கூடாது."

"போடுங்க தம்பி. பேரோட போடுங்க."

என்ன நெஞ்சழுத்தம் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது ஒரு குறை மட்டும் பாக்கி இருந்தது. "அவங்களோட சின்ன வயசுப் படம் ஒண்ணுகூடக் கிடைக்கல. நீங்க எல்லாத்தையும் எரிச்சிட்டதா எழுதியிருக்காங்க."

"ஒண்ணு தப்பிச்சிருக்கு" என்றாள் அவள். பீரோவிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து வந்தாள். "பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை ஹால் டிக்கெட். ஸ்காலர்ஷிப் கிடைச்சதே இந்தப் பரீட்சைக்குத்தான். பேரு, போட்டோ, ஹெட்மிஸ்ட்ரஸ் சீல் எல்லாம் பக்காவா இருக்கு."

பேராசிரியர் கை நீட்டினார். உலகத்தில் யாரிடமும் இல்லாத படம்! அவள் கவரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"புத்தகத்தோட முதல் பக்கத்துல இதைப் போடணும். பக்கம் முழுக்க. போடறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, தர்றேன்."

கரும்பு தின்னக் கூலியா என்று நினைத்தபடி தன் குறிப்பேட்டுத் தாளிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கிழித்துக் கொடுத்தார். அவள் அதை இரண்டு தடவை படித்து, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அடுத்த மாசம் புத்தக வெளியீட்டு விழாவுக்கு அவளே நேர்ல வர்றாளாமே?"

"ஆமாம்மா. முதல் பிரதிய வாங்கி மேடையில அவங்களே பிரிக்கறாங்க."

"நல்லது. அவ கையாலயே பிரிக்கட்டும். அம்பது வருஷம் அந்தக் கைக்குத்தான் காத்திருந்தேன்."

அவள் முதல் முறையாகச் சிரித்தாள். சபையில் மன்னிப்புக் கேட்க ஆசைப்படுகிறாளோ என்றுகூட ஒரு கணம் ஏமாந்தார் பேராசிரியர்.

அவள் நீட்டிய கவரைப் பிரித்தார். நாலு வருஷமாக அவர் எழுதி எழுதித் தேய்ந்த அதே பெயர், மையில் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் சீல் பாதி ஏறிய போட்டோவில் இரட்டைப் பின்னல் போட்ட பெண். இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாகப் பிரிந்திருந்தது.

அவர் மெதுவாகத் தலையைத் தூக்கி எதிரிலிருந்த புருவத்தைப் பார்த்தார்.

"பேரு என்னுது, படிப்பு என்னுது. பிளேன் ஏறினது மட்டும்தான் அவ" என்றாள் அக்காக்காரி.