பாய்க்கு அடியில்

விடிந்தபோது வீட்டு வாசலில் யாரோ ஒருவர் மண்டியிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து கால்வரை நேர்த்தியாகப் பின்னிய பாய் மூடியிருந்தது.

“யாரும்மா வந்திருக்கிறது?” என்றான் பெலேதி, இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தவன்.

“வேற யாரு? உன் குத்துச்சண்டை புரமோட்டர் இயோசுவாதான்,” என்றான் அண்ணன் லெமானா. “உன் எடைதான்னு புளுகி, காளை மாதிரி ஒருத்தனை உன்கூட மோத விட்டானே! இப்ப மன்னிப்புக் கேட்டு வந்துட்டான். அம்மா, பாயை மட்டும் எடுத்துடாதே. நம்ம வழக்கப்படி எடுத்தா மன்னிச்சதா ஆயிடும்.”

வெயில் ஏறியது. மழை கொட்டியது. மறுபடியும் வெயில். அந்த உருவம் அசையவே இல்லை.

தாய் தலோசங்காவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும்கூட நிக்காம போனவன்டா அவன். அவனுக்கா இவ்வளவு வைராக்கியம்?”

மாலை ஜெபமணி அடித்ததும் அவளே இறங்கிப் போய்ப் பாயை விலக்கினாள்.

இயோசுவா இல்லை. பெலேதியைக் குத்திச் சாய்த்த மலாக்கி! விரல் முட்டிகளில் இன்னும் வீக்கம் வடியவில்லை.

“நீ ஏம்ப்பா? ஏமாத்தினது அவன்தானே?”

“ஆமாம்மா. உங்க மகனுக்கும் என் எடைதான்னு என்கிட்டயும் பொய் சொன்னாரு. ஆனா, குத்தினது என் கைதானே.”

தலோசங்கா அவன் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

“உள்ள வந்து சாப்பிடு, மகனே. பாய் இங்கேயே கிடக்கட்டும். வரவேண்டியவன் இன்னும் வரலையே!”