நிறையாத தொட்டி

தெருக்கிணற்றுக்குள் மஞ்சள் காமாலைக் கிருமி எந்த வழியாக வந்தது என்று வடிவு கம்ப்யூட்டரில் கண்டுபிடித்துவிட்டாள். "மொதல்ல ஒங்ககிட்ட மட்டும் சொல்லுதேன்ப்பா" என்று அவள் கெஞ்சியதை அப்பா ஆவுடையப்பன் காதில் வாங்கவில்லை. தெருவையே வீட்டுக்குக் கூட்டிவந்து, கம்ப்யூட்டரை இணைத்த டி.வி. முன்னால் உட்காரவைத்துவிட்டார்.

நிலத்தடி நீர் வந்த தடத்தைக் காட்டும் நீல அம்புகள் கிணற்றிலிருந்து பின்னோக்கி ஊர்ந்தன. மாவு மில்லைத் தாண்டி, இந்த வீட்டுக் கொல்லைக்குள் புகுந்து, செப்டிக் டேங்கில் நின்றன. அந்த டேங்கைப் பற்றி அப்பா பெருமை பேசாத கல்யாண வீடு கிடையாது. "அடியில காங்கிரீட்டே போடல. இன்னைக்கு வரைக்கும் நெறஞ்சதில்ல, அள்ள லாரி வந்ததில்ல."

பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த பேச்சியம்மாள் அவரையே பார்த்தாள்.

"மிசினு தப்பாக் காட்டுதோ என்னவோ அண்ணாச்சி" என்றார் மில்காரர், ஒரு வழியைத் திறந்துவிடுவதைப் போல.

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா எழுந்து போய், அம்பு நின்ற இடத்தில் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பினார்.

"தப்பாக் காட்டுமாவே? கணக்குப் போட்டது எம் மவ."